பிரேயரில் விழும் பிள்ளையும் ஓடும்போது விழும் பிள்ளையும்

பிள்ளைகளுக்கு வரும் திடீர் மயக்கம் பற்றி வாசகர்கள் கேட்டவையும், குழந்தைகள் நல மருத்துவர்கள் தந்த பதில்களும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி திறந்ததிலிருந்து காலை பிரேயரில் மூன்று முறை மயங்கி விழுந்துவிட்டாள். கடைசி முறை கை கால் வெட்டி இழுத்தது என்று டீச்சர் சொன்னார். தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. இஇஜியில் (மூளையின் மின்பதிவு) லேசான மாறுதல் தெரிகிறது என்று வலிப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று பெயர் வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. இது வலிப்புதானா?
- வாசகி, பெரம்பலூர்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது வலிப்பாக இல்லாமல் சாதாரண மயக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் அதனாலேயே வலிப்பு வரலாம். குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போங்கள். போகும்போது ஸ்கேன் படத்தைவிட முக்கியமான ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்: விழுவதற்கு முந்தின ஒரு நிமிடமும் விழுந்த பிறகு ஐந்து நிமிடமும் என்ன நடந்தது என்று பார்த்தவர் எழுதிய குறிப்பு. மயக்கத்தில் நோயைக் கண்டுபிடித்துத் தருவது பெரும்பாலும் அந்தக் குறிப்புதான்.

பத்து வயதுக்கு மேல், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, வருகிற மயக்கத்தில் பெரும்பகுதி ஒரே வகை. வெயிலில் அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கிறது. ஒரு கட்டத்தில் உடம்பின் கணக்கு தவறிப்போய், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தை இழுத்துப் பிடித்துவிடுகிறது. ரத்தக்குழாய்களும் தளர்ந்து விரிகின்றன. ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு ரத்தம் சில நொடி போதாமல் போக, பிள்ளை விழுகிறாள். படுத்த நிலைக்கு வந்ததுமே ரத்தம் தலைக்கு ஏறிவிடுவதால் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவாள். காலையில் சாப்பிடாமல் வருவது, தண்ணீர் குடிக்காதது, மாதவிடாய் நாட்கள், இரவுத் தூக்கக் குறைவு, காய்ச்சலில் எழுந்த உடம்பு எல்லாம் இதைச் சுலபமாக்கிவிடும். ரத்தசோகை மட்டுமே ஆளைத் தள்ளிவிடாது. ஆனால் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிற பிள்ளை மற்றவர்களைவிடச் சீக்கிரம் விழுவாள்.

சரி, கை கால் ஏன் இழுத்தது? மூளைக்கு ரத்தம் குறைந்தால் சாதாரண மயக்கத்திலும் சில வெட்டுகள் வரும். ஒழுங்கில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் 15 நொடிக்குள் நின்றுவிடும். இங்கே டீச்சரிடம் ஒன்றைக் கேளுங்கள்: விழப்போனவளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்களா, அல்லது நாற்காலியில் உட்கார வைத்தார்களா? நல்ல மனதோடு செய்கிற இந்த உதவிதான் வெட்டு வருவதற்குப் பல நேரம் காரணம். தலை உயரத்திலேயே இருந்தால் ரத்தம் மூளைக்குப் போய்ச் சேராது. தரையில் படுக்க விட்டிருந்தால் அந்த வெட்டு வராமலே போயிருக்கலாம்.

வலிப்பையும் மயக்கத்தையும் பிரித்துப் பார்க்க இவற்றைக் கவனியுங்கள். மயக்கத்தில் முதலில் தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும், வயிற்றைப் புரட்டும், காது அடைக்கும், குளிர்ந்த வியர்வை வரும், முகம் வெளிறிப் போகும். விழும்போது உடம்பு துவளும், வெட்டு அதற்குப் பிறகுதான் வரும். எழுந்ததும் “எங்கே இருக்கிறேன்?” என்று பத்து நொடியில் புரிந்துகொள்வாள், சோர்வு மட்டும் இருக்கும். வலிப்பில் உடம்பு விறைத்தபடியே விழும். வெட்டு தாள கதியில், ஒரு நிமிடம் அல்லது அதற்கு மேலும் போகும். உதடு நீலமாகும். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருக்கும். எழுந்த பிறகும் பத்து இருபது நிமிடம் யாரையும் அடையாளம் தெரியாமல் குழம்பிக் கிடப்பாள். சிறுநீர் போய்விட்டதா, கண் திறந்திருந்ததா என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டிலும் இரண்டும் நடக்கும்.

இஇஜி பற்றி: வலிப்பே வராத ஆரோக்கியமான பிள்ளைகள் சிலருக்கும் அதில் மாறுதல் தெரியும். நடந்த சம்பவம் வலிப்பு போல இல்லாதபோது, காகிதத்தில் இருக்கிற லேசான மாறுதலை வைத்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது சரியல்ல. தெளிவாக நினைவு திரும்பிய பிள்ளைக்கு, தலையில் பலத்த அடியும் இல்லை என்றால், சிடி ஸ்கேனும் தேவைப்பட்டிருக்காது. எடுத்திருக்க வேண்டியது இதயத்தின் மின்பதிவான இசிஜி. முதல் முறை மயங்கிய எந்தப் பிள்ளைக்கும் ஒரு இசிஜி எடுத்தே ஆக வேண்டும். ஐந்து நிமிட வேலை. உங்கள் கடிதத்தில் அது இல்லை, உடனே எடுத்துவிடுங்கள்.

கூடவே, படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் நீர்ச்சத்து, ரத்த இழப்பு, மருந்து என்று காரணம் தேட வேண்டும். அழுத்தம் இறங்காமல், பத்து நிமிடத்துக்குள் நாடி மட்டும் 40-க்கு மேல் கூடி, மாதக்கணக்கில் நின்றாலே தலைசுற்றல் இருந்தால் அது வேறு ஒரு தொந்தரவு. அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

இசிஜி சரியாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர், நாள் முழுதும் சேர்த்து சுமார் 2 லிட்டர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாள் என்று பொருள். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் ஏராளம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகத்திலும் ரத்த அழுத்தத்திலும் குறை இல்லாத பிள்ளைக்கு உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லது. கண் இருட்டத் தொடங்கினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்காரவோ படுக்கவோ சொல்லிக் கொடுங்கள். உட்கார முடியாத இடத்தில் கால் மேல் கால் பின்னி நின்று தொடையையும் புட்டத்தையும் இறுக்க வேண்டும்; இரண்டு கையையும் கோத்து எதிரெதிராக இழுக்க வேண்டும். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். வீட்டில் நன்றாக இருக்கும்போது நாலு நாள் பழகினால்தான் தேவைப்படும்போது உடம்பு தானாகச் செய்யும்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கிணற்றில் குதித்து நீந்தும்போது அப்படியே மூழ்கிவிட்டான். கூட இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். கரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டான். போன வருடம் ஓட்டப்பந்தயத்திலும் ஒருமுறை விழுந்தான். வெயில் என்று விட்டுவிட்டோம். என் மனைவியின் தம்பி நன்றாக நீச்சல் தெரிந்தும் 19 வயதில் குளத்தில் இறந்து போனார். முனி அடித்தது என்று ஊரில் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், மேலூர்

பதில்: இந்த இதழ் கைக்கு வந்த நாளே அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இதயம் பரிசோதித்து முடியும்வரை நீச்சல், ஓட்டம், சைக்கிள் பந்தயம், கபடி எதுவும் வேண்டாம்.

நின்றபடி இருக்கையில் விழுகிற பிள்ளைக்கும் ஓடும்போது விழுகிற பிள்ளைக்கும் வித்தியாசம் பெரிது. ஓட்டத்தின் நடுவில், நீந்தும்போது, பயந்து திடுக்கிட்ட நொடியில், படுத்திருக்கையில் வருகிற மயக்கம் இதயத்திலிருந்து வருகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கண் இருட்டுதல், வியர்வை என்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொத்தென்று விழுவது, விழும் முன் நெஞ்சு படபடப்பது அல்லது வலிப்பது, இளம் வயதில் குடும்பத்தில் காரணம் தெரியாத சாவு ஆகியவையும் அதே ரகம். நீச்சல் தெரிந்தவர் மூழ்கிப் போனதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். உங்கள் மைத்துனரின் சாவுக்கும் உங்கள் மகன் மூழ்கியதற்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது நீண்ட க்யூடி என்கிற பிறவிக் கோளாறு. இதயத் தசையில் மின்சாரம் பாய்ந்த பிறகு, அடுத்த துடிப்புக்குத் தயாராக அது எடுத்துக்கொள்கிற நேரம் இதில் நீண்டுவிடுகிறது. இதயத்தின் அமைப்பு சரியாகவே இருக்கும். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோவில் ஒன்றும் தெரியாது. “எக்கோ நார்மல்” என்று சொல்லி அனுப்பிவிட்டால் ஏமாந்துவிடுவோம். இசிஜி காகிதத்தில்தான் இது தெரியும், அதுவும் கையால் அளந்தால். காகிதத்தில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி நொடி. க்யூ என்கிற அலை தொடங்கும் இடத்திலிருந்து டி என்கிற அலை முடியும் இடம் வரை 10 கட்டம் இருந்தால் 400. இது மட்டும் போதாது, நாடியின் வேகத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். நாடி 60 என்றால் திருத்திய அளவும் 400 தான், நல்ல அளவு. அதே 10 கட்டம், நாடி 100 ஆக இருக்கும்போது வந்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.6 நொடி, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 516 வருகிறது. அது ஆபத்தான அளவு. 460-க்கு மேல் போனாலே சந்தேகப்பட்டு மறுபடி எடுக்க வேண்டும். இயந்திரம் மேலே அச்சடித்துத் தருகிற எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

ஒருவேளை இசிஜி சரியாகவே இருந்தாலும் உங்கள் மகன் விஷயத்தில் அதோடு நிறுத்த முடியாது. ஓடும்போதும் உணர்ச்சிவசப்படும்போதும் மட்டும் துடிப்பு தாறுமாறாகிற ஒரு நோய் உண்டு. ஓய்வில் எடுக்கும் இசிஜியில் அது ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்துப் பார்க்க வேண்டும், மருத்துவரும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியும் பக்கத்தில் இருக்க. இதயத்தசை தடித்துப் போவது, மகாதமனி வால்வு குறுகல், இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய் தவறான இடத்தில் கிளம்புவது ஆகியவற்றுக்கு எக்கோ வேண்டும். தேவைப்பட்டால் 24 மணி நேரம் நெஞ்சில் கட்டிவிட்டு இசிஜி பதிவு செய்யும் ஹோல்டர் கருவி. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை உண்டு.

நோய் உறுதியானால் பயந்து ஒடுங்க வேண்டாம், வைத்தியம் இருக்கிறது. ப்ராப்ரனோலால், நாடோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை ஒரு வேளைகூட விடாமல் போட்டுக்கொண்டு நன்றாக வாழ்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஒரு வேளை மாத்திரை தவறுவதுதான் இதில் ஆபத்து. ஊருக்குப் போகும்போது இரண்டு பட்டை கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். க்யூடியை இன்னும் நீட்டக்கூடிய மருந்துகளும் உண்டு. வாந்திக்குத் தருகிற ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன், சளிக்குத் தருகிற அசித்ரோமைசின் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தவர் எல்லாருக்கும் இசிஜி எடுக்க வேண்டும். விழாதவர்களிடமும் இது இருக்கலாம்.

இதோடு ஒன்று. 1957-இல் நார்வே நாட்டில் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த நால்வருக்கும் அடிக்கடி மயக்கம் வந்தது. மூவர் திடீரென்று இறந்தார்கள். காது கேளாமையும் நீண்ட க்யூடியும் சேர்ந்து வருகிற இந்த வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் உண்டாவது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்கிற நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால், “வலிப்பு” என்று பெயர் வைப்பதற்கு முன் இசிஜி. காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைக்கு முன்பும் இசிஜி.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன். கேட்டதைக் கொடுக்காவிட்டால் வீறிட்டு அழுது, அப்படியே மூச்சு நின்று, நீலம் பாரித்துத் துவண்டுவிடுகிறான். முகத்தில் தண்ணீர் அடித்து, ஊதி, குலுக்கி எழுப்புகிறோம். இதயத்தில் ஓட்டை இருக்குமோ?
- வாசகி, காரைக்குடி

பதில்: அழுது மூச்சுக் கட்டிக்கொள்கிற வழக்கம் இது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் வரும், இரண்டு வயதையொட்டி அதிகம், பள்ளிக்குப் போகும் வயதில் தானே விட்டுவிடும். பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல. அழுகையில் மூச்சை வெளியே விட்டவன் உள்ளே இழுக்க மறந்தது போல் நின்றுவிடுகிறான், அவ்வளவுதான். துவண்டதும் மூச்சு தானாக வரும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். குலுக்காதீர்கள், சிறு குழந்தையைக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். தண்ணீரும் அடிக்க வேண்டாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். எழுந்ததும் அவன் அழுத பொருளை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அம்மாச்சி மனசு கேட்காதுதான்.

செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்று உண்டு. இரும்புச்சத்து குறைவான குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது. இரும்பு மருந்து கொடுத்தால் பலருக்குக் குறைகிறது. ஹீமோகுளோபினோடு, சேமிப்பு இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு தீர்ந்து போயிருக்கலாம். மருத்துவர் வழக்கமாக எழுதுவது எடைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு. 10 கிலோ பிள்ளைக்கு நாளைக்கு 30 மில்லிகிராம். பாட்டிலில் உப்பின் எடை பெரிய எண்ணாகவும் தனி இரும்பு சிறிய எண்ணாகவும் போட்டிருக்கும். எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பாலோடு கொடுத்தால் சேராது, சாத்துக்குடிச் சாறோடு கொடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயம் வேண்டாம். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்கு இரும்பு குறையும்; பாலைக் குறைத்துச் சோறும் பருப்பும் முட்டையும் கூட்டுங்கள்.

நீலமாகாமல் வெள்ளையாக வெளிறி, லேசாக முட்டிக்கொண்டதற்கே, அதிகம் அழாமலே துவண்டால் அது இன்னொரு வகை. அதற்கு இசிஜி கட்டாயம். அழுகையே இல்லாமல் துவண்டாலும் அப்படித்தான்.

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மாதம் இரண்டு மூன்று பிள்ளைகளாவது மயங்குகிறார்கள். முதலுதவி எப்படி? சோடா கொடுக்கலாமா? சர்க்கரை குறைந்துதான் விழுகிறார்களா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: படுக்க வையுங்கள். காலை ஒரு அடி உயரம் தூக்கி ஒரு பையின் மேல் வையுங்கள். கழுத்துப் பட்டன், டை, பெல்ட், துப்பட்டாவைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். வாந்தி வந்தால் ஒருக்களிக்க வையுங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வெங்காயம் முகர வைப்பது, கன்னத்தில் அறைவது எதனாலும் பயனில்லை. நினைவு வந்த பிறகும் பத்து நிமிடம் படுத்தே இருக்கட்டும். உடனே எழுப்பி நடக்க வைத்தால் இரண்டாவது முறை விழுவாள், அப்போதுதான் பல் உடையும்.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் அது மயக்கம் அல்ல, இதயம் நின்றிருக்கிறது. ஒருவர் 108-ஐ அழைக்க, ஒருவர் நெஞ்சின் நடுவில் சுமார் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதலாம். மூச்சு இருந்தும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நினைவு வராவிட்டாலும் 108.

சர்க்கரை குறைவு என்பது பெரும்பாலும் தவறான ஊகம். சர்க்கரை குறைந்து விழுந்தவர் படுத்ததும் தானாக எழ மாட்டார். நடுக்கம், வியர்வை, உளறலோடு, குளுக்கோஸ் கிடைக்கும்வரை அப்படியே இருப்பார். இன்சுலின் போடுகிற மாணவர் என்றால் மட்டும் அதை முதலில் நினைக்க வேண்டும். ஆனால் வெறும் வயிறு முக்கியமான காரணம்தான், தண்ணீரும் உப்பும் உள்ளே போகாததால். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை போய்ச் சேர்கிறது. மயக்கம் கூடுகிற வயதோ ஆறாம் வகுப்புக்கு மேல். அந்தப் பிள்ளைகளிடம் “சாப்பிட்டாயா?” என்று எல்லார் முன்பும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். வாராவாரம் தருகிற நீல நிற இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், உங்கள் கண் முன்னே போடச் செய்யுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்றுதான் பலர் ஜன்னல் வழியே எறிகிறார்கள். பிரேயர் பத்து நிமிடத்தைத் தாண்டினால் உட்கார்ந்தபடி நடத்துங்கள், அல்லது குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள்.

பிறகு உடனே ஒரு தாளில் எழுதுங்கள்: நேரம், நின்றாளா ஓடினாளா, விழும் முன் என்ன சொன்னாள், முகத்தின் நிறம், வெட்டு எத்தனை நொடி, தெளிவாகப் பேச எத்தனை நிமிடம். நொடியைக் கடிகாரத்தில் பாருங்கள். பதற்றத்தில் பத்து நொடி ஐந்து நிமிடமாகத் தோன்றும். இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுத்தால் இன்னும் நல்லது, பெற்றோரிடமும் மருத்துவரிடமும் தவிர வேறு யாருக்கும் அனுப்பாமல்.

கேள்வி: என் தங்கை மகளுக்கு 15 வயது. நாளைக்கு நாலைந்து முறை மயங்குகிறாள். இருபது நிமிடம்கூடக் கண் திறப்பதில்லை. எல்லா டெஸ்டும் நார்மல். நடிக்கிறாள் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.
- வாசகர், அரக்கோணம்

பதில்: நடிக்கவில்லை. கண்ணை இறுக மூடியபடி, நிறம் மாறாமல், நாடியும் அழுத்தமும் சரியாக இருக்க, நீண்ட நேரம் வருகிற இந்த மயக்கம் மனச்சுமை உடம்பில் இறங்குவது. அவள் கட்டுப்பாட்டில் அது இல்லை. திட்டினால் கூடும். மந்திரித்து வேப்பிலையால் அடித்தால் இன்னும் கூடும். படிப்பு, கேலி, வீட்டுச் சண்டை, யாராவது தொந்தரவு செய்வது என்று எதையோ சொல்ல முடியாமல் இருக்கலாம். தனியாக, அவசரப்படாமல் கேட்கிற ஒரு ஆள் வேண்டும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். யாராவது அத்துமீறுவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்.

கேள்வி: தலை பின்னும்போதும் ஊசி போடும்போதும் என் 9 வயது மகள் மயங்குகிறாள். பரிசோதனை வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரு இசிஜி போதும். அது சரியாக இருந்தால் முதலில் சொன்ன சாதாரண மயக்கம்தான். அவளை உட்கார வைத்துத் தலை பின்னுங்கள். அவளைப் படுக்க வைத்து ஊசி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தை, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று சோர்ந்து மயங்கினால் வீட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒன்றிரண்டு விழுங்கினாலே சிறு குழந்தைக்கு ஆபத்து. அடுத்து தோட்டம்: மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பைத் தடுத்து நிறுத்திவிடும். ஜெனரேட்டர் ஓடும் மூடிய அறை, தேள், பாம்பு என்று மற்றவற்றையும் யோசியுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புக் கரைசலும் புகட்டாதீர்கள். இப்போது எழுந்து விளையாடுகிறானே என்று வீட்டில் வைத்துப் பார்க்கவும் கூடாது. சில மாத்திரைகள் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். மாத்திரைப் பட்டையோ கடித்த விதையோ கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பட்டையில் எத்தனை மாத்திரை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது என்று வழியிலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.